நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்

என் சொந்த வீட்டுச் சமையலறைக் குழாயைத் திறக்க முடியாமல் நான் தோற்றுப்போன காலை ஒன்று உண்டு. முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை, பிறகு துண்டைச் சுற்றி இரண்டு கை. என் மனைவி காபிப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயங்களை அவள் ஒவ்வொன்றாக இப்போது யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"மேல்வீட்டு அக்கா வந்தாங்களா நேத்து?" என்று கேட்டேன்.

"கறிவேப்பிலை வாங்க வந்தாங்க. கை கழுவிட்டுப் போனாங்க."

அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை.

கல்கத்தாவின் டாக்குரியாவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், எங்களுக்கு மேல்மாடியில் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். கல்கத்தாவில் பாதி ஆயுளைக் கழித்தும் பேச்சு மட்டும் அந்த ஊர்க் கரையை விட்டு நகரவில்லை. அக்கா ஒல்லியான உருவம். அந்த மணிக்கட்டைப் பார்த்தால் ஒரு முருங்கைக்காயைக்கூட ஒடிக்காது என்று தோன்றும். ஆனால் அவர் மூடிய எதையும் இன்னொரு மனிதப் பிறவி திறந்துவிட முடியாது.

ஒரு வங்கியில் காப்பறைப் பொறுப்பில் இருந்தவர் அவர். அங்கே இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் பூட்டியபின் இன்னொருவரும் பூட்டினால்தான் அது பூட்டு. அக்கா தன் சாவியைப் போட்டு, அடுத்தவர் சாவி போட்டதையும் பார்த்து, பிறகு மூன்றாவதாகக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாராம். ஒருநாள் வேலை முடிந்து காரியாஹாட் வரைக்கும் பஸ்ஸில் வந்துவிட்டார். இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம். இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து, காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"சந்தேகமாக்கா?" என்றேன் நான், அவர் இதைச் சொன்னபோது.

"சந்தேகம் என்னத்துக்கு? அவங்க நல்லாத்தான் பூட்டுவாங்க. நம்புதேன். ஆனா நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்."

இதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே வாசகம். யார் எதைச் செய்து முடித்தாலும், பின்னாலேயே வருவார். "நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்." பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை, கையால். மொட்டைமாடித் தொட்டியின் வால்வு, மீட்டர் பெட்டியின் கதவு, என் ஜீப்பின் பெட்ரோல் மூடி. எங்கள் சந்தின் பிளம்பர் மட்டும் அவரைக் கண்டால் தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிடுவான். வருஷத்துக்கு எத்தனை வாஷர் மாற்றியிருப்பான் என்று அவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் எனக்கே இந்தக் கதி என்றால், அதே வீட்டில் இருக்கும் சார் எப்படித் தண்ணீர் குடிக்கிறார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது. மேலே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் பரிமாறி, பாட்டிலை மூடி, தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு திருகு திருகி வைத்துவிட்டு உள்ளே போனார். சார் பேச்சை நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கையை நீட்டி, பாட்டில் மூடியை எதிர்ப்பக்கம் ஒரு சின்ன அசைவு அசைத்து வைத்தார். திறக்கவில்லை. கொஞ்சம் இளக்கினார், அவ்வளவுதான். பிறகு எழுந்து கை கழுவப் போனவர், போகிற வழியில் ஃபில்டர் குழாய்க்கும் அதையே செய்தார்.

"சார், இது..."

"சத்தம் போடாதவே," என்றார். "அவ திருகுவா. நான் பின்னாலயே போயி கொஞ்சம் விட்டு வைப்பேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான் ஓடுது."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மறுபடியும் திருகுவால்லா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது அலுப்பா, பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் ஒரே பாதையில் நடந்தவனுக்கு வரும் ஒரு முகம். எனக்கும் என் ஆபீசில் அந்த முகம் உண்டு. நான் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் என் முகத்தில் பெருமை சேராது.

பிறகு சாருக்குச் சிறுநீரகம் போயிற்று. வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ். வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். அதன் வழியே மருந்து நீரை இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, மறுபடி புதிதாக இறக்க வேண்டும். தினமும், மாற்றி மாற்றி. குழாயின் முனையில் ஒரு மூடி. அது சரியாக மூடாவிட்டால், ஒரு தூசி உள்ளே போனால், காய்ச்சல், ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் பேச எதுவும் இருக்காது. அக்கா கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகத்துக்குத் துணி கட்டி, அந்த மூடியைத் திருகுவார். ஒரு தடவைகூடத் தொற்று வரவில்லை. டாக்டர், நர்ஸுகளிடம் அக்காவைக் காட்டிப் பாடம் எடுப்பாராம். சார் வீட்டில் எல்லாவற்றையும் முன்போலவே இளக்கிக்கொண்டுதான் இருந்தார். அந்த மூடிப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "துறைமுகத்துல வேலைன்னு ஊர்ல சொன்னா, கடலப் பாத்துக்கிட்டே காப்பி குடிப்பேன்னு நெனைக்கான். இங்க எங்கவே கடலு? ஆத்துல கப்பல் வருத ஊரு. அதுவும் மண்ணு கலர்ல." ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும். தீகா கடற்கரை வரைக்கும் போனால் போதும். நல்ல உடம்போடு இருந்தால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் வழியில் நீர் மாற்ற வேண்டும். போன இடத்திலும் மாற்ற வேண்டும். ஹோட்டல் அறையில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"ஹோட்டல்ல மேசைய யாரு தொடச்சாங்க தம்பி?" என்றார் அக்கா.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் மேற்கு வங்காளத்திலேயே யாரும் இல்லை. ஆகவே அக்கா ஒரு கேரவன் வாங்கினார்.

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் சாய்ந்து உட்காரும் பஸ் ஞாபகம் வரும். இது அதில்லை. இன்ஜின் கிடையாது. இரண்டு சக்கரத்தில் ஒரு தகரப் பெட்டி, இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். கண் சிகிச்சை முகாம் நடத்த யாரோ ஹவுராவில் கட்டி, பாதியில் கைவிட்டது. உள்ளே ஒரு கட்டில், ஒரு தொட்டி, ஒரு டியூப் லைட். வெளியே ஒரு பக்கம் முழுக்க, இமையெல்லாம் வைத்து, பெரிய கண் ஒன்றை வரைந்திருந்தார்கள். அக்கா உள்ளே கழுவிய கழுவலில் தகரம் இளைத்தே போனது. கண்ணின் மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார். கண் பூச்சுக்குள்ளிருந்து இன்னும் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தது, வயசானவர்களைப் போல.

இழுக்க என் ஜீப். டார்ஜிலிங் மலை ஏறப்போகிறேன் என்று பின்னால் கொக்கியெல்லாம் வைத்து வாங்கிய ஜீப் அது. அதுவரை ஏறிய பெரிய மேடு டாக்குரியா மேம்பாலம்.

கேரவன் சந்தில் வந்து நின்ற மறுநாளே, சந்தில் பூஜை நடத்தும் கிளப்பின் செயலாளர் வந்துவிட்டார். "மாஷிமா, எடா கொபே ஜாபே?" அக்கா அந்தச் சந்துக்கே மாஷிமா, பெரியம்மா மாதிரி. இது எப்போது போகும் என்று கேள்வி. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கப்போகிறது. இறங்கிவிட்டால் காளி பூஜை முடியும்வரை அந்தச் சந்தில் சைக்கிள்கூடப் போகாது. அதற்கப்புறம் குளிர். டாக்டர் வேறு சொல்லியிருந்தார், இதயம் களைத்துக்கொண்டு வருகிறது, போவதென்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள் என்று. அடுத்த வருஷம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் பேசாமலிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்பு பிரேக் பார்க்க வேண்டும். பார்க் சர்க்கஸ் பேட்டையிலிருந்து மெக்கானிக் மிஸ்திரி ஒருவர் வந்தார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். வண்டி உருளாமல் செங்கல் வைக்கச் சொன்னார். அந்தரத்தில் நின்ற சக்கரத்துக்கே நான் அண்டை கொடுத்தேன். மிஸ்திரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செங்கலை எடுத்துத் தரையில் இருந்த மறு சக்கரத்துக்கு வைத்தார். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பது மட்டும்தான்.

விஷயம் சிக்கலானது இல்லை. சக்கரத்தின் உள்ளே ஒரு டிரம். அதற்குள் வளைந்த இரண்டு பிரேக் கட்டைகள். ஜீப் நின்றால் கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். கட்டை தேய்ந்தால் இடைவெளி அதிகமாகிவிடும். அப்போது பின்னாலிருக்கும் ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே நட்சத்திரம் மாதிரியிருக்கும் ஒரு பல்சக்கரத்தைத் தள்ள வேண்டும். டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக. சக்கரம் அசையாமல் இறுகும் வரை தள்ளிவிட்டு, பிறகு அதே பல்லைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்கு விட வேண்டும். இறுக்குவது பாதி வேலை. விடுவது மீதி.

மிஸ்திரி இரண்டையும் செய்து, சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி, கையைத் துடைத்தார்.

"நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்," என்றார் அக்கா.

சந்தில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, சேலையை இழுத்துச் செருகி, ஸ்க்ரூடிரைவரை வாங்கி உள்ளே விட்டார். டக்.

"ஆர் டைட் கொர்பேன் நா, மாஷிமா! சாக்கா குர்பே நா!" இன்னும் இறுக்கினால் சக்கரமே சுற்றாது என்று மிஸ்திரி பதறினார். கேரவனுக்கு அடியிலிருந்து இன்னொரு டக். மிஸ்திரி என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் தான் இவ்வளவு நேரம் செய்தது என்ன என்று பெங்காலியில் கேட்டார். அந்தக் கேள்வியை எங்கள் சந்தில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம். கொஞ்சம் கோபத்தோடுதான் போனார்.

மாடி பால்கனியிலிருந்து சார் எட்டிப் பார்த்தார். வயிற்றில் நீரோடு அவரால் குனிய முடியாது. "ஏளா, கடைசில விட்டியா?"

"எல்லாம் பாத்தாச்சு," என்றார் அக்கா.

மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும். நான் டார்ச் பிடித்தேன். பிரேக் என்றால் இறுக்கமாக இருப்பது நல்லதுதானே என்று எனக்கும் பட்டது. என் ஜீப்பின் பிரேக் இருந்த லட்சணத்துக்கு ஏதாவது ஒன்றாவது பிடிக்கட்டும்.

கிளம்பிய காலை, சந்தின் முனையில் மூங்கில் லாரி வந்து நின்றுவிட்டது. எனக்குக் கேரவனோடு பின்னால் எடுக்கத் தெரியாது. கிளப்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையால் தள்ளித் திருப்பி, பெரிய தெருவில் விட்டார்கள். இறுக்கிய சக்கரத்தைத் தள்ளி மூச்சு வாங்கிய ஒருவர், "மாஷிமா, உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள், காளிகாட் கோயிலையா?" என்று கேட்டார். அப்போதாவது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் ஏறும்போது ஜீப் முனகியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன், ஜீப்புக்கு. பாலம் தாண்டி, சாந்த்ராகாச்சி நெரிசல் தாண்டி, நெடுஞ்சாலைக்கு வந்தபோது கருகல் நாற்றம். ஹவுராப் பக்கம் எப்போதும் ஏதாவது கருகிக்கொண்டுதான் இருக்கும் என்று சொல்லி ஜன்னலை ஏற்றிவிட்டேன். பாக்னான் நெருங்கும்போது ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியே கையைப் பின்னால் காட்டிக் கத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். கேரவனின் இடது சக்கரத்திலிருந்து புகை. வலது சக்கரம் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஒரு தாபா வாசலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"ஊத்தாதவே! டிரம்மு வெடிச்சிரும்!" முன் சீட்டிலிருந்து சார் போட்ட சத்தத்தில் தாபாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அக்கா இறங்கிச் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அந்த மிஸ்திரி சரியாச் செய்யல," என்றார்.

"அவன் சரியாத்தான் செஞ்சான்," என்றார் சார்.

நீர் மாற்றும் நேரம் வந்திருந்தது. சூடு ஆறவும் நேரம் வேண்டும். இருவரும் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் காவல். கொஞ்ச நேரத்தில் லுங்கி கட்டிய ஒரு பெரியவர் வந்து, மங்கலான அந்தக் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "டாக்தார்பாபு கொகோன் ஆஷ்பேன்?" என்று கேட்டார். டாக்டர் யாரும் வரமாட்டார், இது கண் முகாம் இல்லை என்றேன். அவர் தகரத்திலிருந்த கண்ணைக் காட்டினார். இருக்கிறதே! நான் சொன்னது எதையும் நம்பாமல் தாபா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து சேர்ந்தார்கள். வாழ்க்கையில் என்னை நம்பி ஒரு வரிசை நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

கதவு திறந்தது. சார் களைத்துப்போய் வந்து, தாபாக்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏளா, எத்தன தடவ முடுக்குன?"

"நெனவில்ல."

"உனக்கா நெனவில்ல?"

அக்கா கேரவனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெனமும் ஒருக்க. காலைல பொறப்படுததுக்கு முன்ன ஒருக்க."

"விடணும். ரெண்டு சக்கரத்துலயும்."

"நான் விடமாட்டேன்." அதுவரை அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "வழியில பாலம் பாலமா வருது. எறக்கத்துல பிடிக்கலேன்னா? உங்கள வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்? திரும்பிருவோம்."

"திரும்பணும்னாலும் சக்கரம் சுத்தணும்லா?"

அக்கா திரும்பி இடது சக்கரத்தைப் பார்த்தார்.

"பிடிக்கும்ளா. விட்டாலும் பிடிக்கும்," என்றார் சார். "இத்தன வருசமா நான் விட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எதுவும் ஒழுகிப்போச்சா?"

"எத விட்டீக?"

"எல்லாத்தயுந்தான். கொழாயி, ஊறுகா பாட்டிலு, மாவு டப்பா. நீ திருகிட்டுப் போவ, நான் பின்னால வந்து கொஞ்சம் விடுவேன்."

"கேஸயுமா?"

"சேச்சே. கேஸத் தொட்டதில்ல. எனக்கும் உயிரு மேல ஆச உண்டு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா நீ மறுபடி திருகுவ. நான் மறுபடி போவணும். சொல்லாம இருந்தா ஒருக்க போனாப் போதும்லா. இல்லன்னா நம்ம வீட்டுல ஒருத்தனும் தண்ணி குடிச்சிருக்க முடியாது."

அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு சாரின் வயிற்றைக் காட்டி, மெதுவாக, "அந்த மூடிய?" என்று கேட்டார்.

"அதத் தொடுவனா? அத நீ திருகுததுனாலதான நான் இங்கன உக்காந்து உன்ட்ட வாயடிச்சிக்கிட்டு இருக்கேன்."

தாபாக்காரரிடம் ஒரு சாக்கு வாங்கி விரித்தோம். ஜாக்கி வைத்தோம். செங்கலை இந்தத் தடவை நான் சரியான சக்கரத்துக்கு வைத்தேன். யாரும் பாராட்டவில்லை. அக்கா அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரை ஓட்டைக்குள் விட்டார்.

"எதிர்ப்பக்கம் தள்ளு," என்றார் சார்.

டக்.

"சுத்திப் பாருவே." நான் சக்கரத்தைத் தள்ளினேன். அசையவில்லை.

"இன்னும் ஒரு பல்லு."

டக். கேரவனுக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒவ்வொரு டக்குக்கும் பாதத்தின் விரல்கள் மடங்கின. ஒரு கட்டத்தில் சக்கரம் கனமாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"போதும்," என்றது அடியிலிருந்து குரல்.

"போதாது. இன்னும் ஒண்ணு."

"போதும்ங்கேன்."

"ஏளா, நான் வந்து குனிய முடியாது. நீதான் விடணும்."

டக். சக்கரம் சுற்றியது. லேசாக, கோலப்பொடி தரையில் விழுவது போன்ற ஒரு உரசல் சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது. சார் கண்ணை மூடி அதைக் கேட்டார். "ஆங். இதுதான்." அக்கா வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கரி. அழுதிருந்தாலும் தெரிந்திருக்காது. வலது சக்கரத்துக்கு அவரே சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காத்திருந்த மூவரிடமும் சார் பெங்காலியில், அடுத்த தடவை டாக்டரோடு வருகிறோம் என்று சொன்னார். அவர் சொன்னதை நம்பினார்கள்.

பாலங்கள் வந்தன. ஒவ்வொரு இறக்கத்திலும் பின்சீட்டிலிருந்து அக்காவின் கை என் சீட்டின் முதுகைப் பிடிக்கும். கேரவன் ஒழுங்காக நின்றது. சாயங்காலம் தீகா. அலை உள்வாங்கியிருந்த நேரம். கடல் எங்கோ தள்ளி, சோம்பலாகக் கிடந்தது. நிறம் ஹூக்ளி ஆற்றை விடச் சற்றே பரவாயில்லை. சார் கேரவனின் படியில் உட்கார்ந்து பார்த்தார்.

"இதுவும் மண்ணுதானவே," என்று சிரித்தார். பிறகு டீ கேட்டார். டீ வருவதற்குள், பார்த்துக்கொண்டே இருந்தவர், கதவில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

அக்கா அதுவரை கடல் பக்கமே திரும்பவில்லை. சாரின் வயிற்றுக் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவுக நல்லாப் பாத்தாகளா?"

"நல்லாப் பாத்தாருக்கா."

"சரி. நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி, சேலைத் தலைப்பால் கரியைத் துடைத்துக்கொண்டு, திரும்பிக் கடலைப் பார்த்தார்.

சார் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தொற்று இல்லை, இதயம்தான். மூடி கடைசிவரை சரியாக இருந்தது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

கேரவனை ஒரு நிஜக் கண் முகாம்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா தன் தம்பி வீட்டோடு இருக்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பினார். போகிற அன்று மாடி வீட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசியாக எங்கள் சமையலறைக்கு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். குழாயை மூடினார். தோள் சாய்ந்தது. அந்தப் பழைய திருகு. நான் மனதுக்குள் பிளம்பரைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

வாசல் வரை போனவர் நின்றார். திரும்பி உள்ளே வந்தார். குழாயில் கை வைத்து, எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு அசைவு அசைத்தார். தண்ணீர் சொட்டியது. மூடினார். மறுபடி கொஞ்சம் விட்டார். மறுபடி சொட்டியது.

தெருவில் டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். அக்கா குழாயிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க பாத்திருக்கீகல்லா. அவுக எவ்வளவு விடுவாக?"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, நார்த்தங்காய் சாப்பிட்டவன் நான். கையை நீட்டி, காற்றில், இவ்வளவு இருக்கும் என்று காட்டினேன். எனக்கே நிச்சயமில்லை.

அக்கா என் விரல்களைப் பார்த்தார். தலையாட்டினார். அதே அளவுக்கு ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போனார்.